மூன்றாவது கையெழுத்து

ஒரு கம்பெனி நம்மைப் பாராட்டுவதற்காகக் கல்யாண மண்டபம் பிடிக்கிறது என்றால், எதற்கு என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. மண்டபத்தில் போட்டிருந்த நாற்காலிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருநூற்று நாற்பது நாற்காலிகள். வந்திருந்தவர்கள் அறுபத்தொரு பேர். அதில் பதினெட்டுப் பேர் கம்பெனி ஆட்கள்; கழுத்தில் நீலப் பட்டையில் அடையாள அட்டை தொங்கியது. மீதி நாற்பத்து மூன்று பேரில் பாதிக்கு மேல் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பதாகையில் எங்கள் மூவர் படமும் இருந்தது. என் படத்தில் எனக்குப் பத்து வயதைக் குறைத்திருந்தார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாங்கள் மூவர் யார், எதற்காகப் பாராட்டினார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையின் தரச்சோதனைப் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் இருந்தவன். கணிதத்தில் பட்டம் வாங்கியிருந்தேன். செய்த வேலை, துணியின் மேல் சின்ன லென்சை வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்று எண்ணுவது. ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் அதைத் தொடவே பயந்தார்கள். அதனால் ஐம்பத்திரண்டு வயதில் நான் நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். ஓய்வுபெற்று சங்கரன்கோவிலுக்கு வந்த பிறகு அந்தப் படிப்புக்கு வேலையில்லாமல் இருந்தது.

இரண்டாமவர் ஒரு பெண். கடையநல்லூர்க்காரர். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். தினமும் காலையில் பஸ் பிடித்து வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில் டிசைன் கடை நடத்துகிறார். சேலைக் கரையில் மாங்காய் வேண்டுமா, மயில் வேண்டுமா, அதைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, தறிக்குப் புரியும் கோப்பாக மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். தறியின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் மின்பெட்டி அந்தக் கோப்பைப் படித்து, ஒவ்வோர் ஊடை இழை குறுக்கே போகும்போதும் எந்தெந்தப் பாவு இழையைத் தூக்க வேண்டுமோ அதைத் தூக்கும். வரைந்ததைக் கோப்பாக மாற்ற அவர் விலை கொடுத்து வாங்கியிருந்த மென்பொருள் வருடத்துக்கு ஒருமுறை தானாகவே பூட்டிக்கொள்ளும். மறுபடி காசு கட்டினால்தான் திறக்கும். ஒரு நாள் அது பூட்டிக்கொண்டபோது கடையில் நான் இருந்தேன். "சார், நாமளே ஒண்ணு எழுதிருவோமா?" என்று கேட்டார். எழுதினோம். நான்கு வருடம் பிடித்தது.

மூன்றாமவர் தறி பிட்டர். ஊரில் ஒன்பது தறிக்கூடங்களில் அவர்தான் பழுது பார்ப்பவர். கம்ப்யூட்டரில் அவர் விரல் இன்றுவரை பட்டதில்லை. ஆனால் நாங்கள் எழுதிய நிரலில் முதல் சேலை ஓடியபோது, அதைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு அவர்தான் சொன்னார்:

"ஏழு ஊடைக்கு மேல ஒரு இழை பிணையாம சும்மா ஓடிச்சுன்னா பொம்பளைய வளையல்ல மாட்டி இழுக்கும், யம்மா. அத அங்கங்க கட்டிப் போடணும். பூவும் கெடக்கூடாது."

பூ கெடாமல் எங்கே கட்டுவது என்று கேட்டோம். மறுநாள் கட்டம் போட்ட தாளில் சிவப்புப் பென்சிலால் வரைந்துகொண்டு வந்தார். அப்படி மொத்தம் பதினான்கு தாள்கள். அந்தப் பெண் கட்டம் கட்டமாகப் பார்த்து அவற்றை நிரலில் ஏற்றினார். ஏற்றிவிட்டு, கோப்பின் தலையில் பிட்டர் பெயரை எழுதினார். அவர் நிரலாளர் இல்லையே என்று நான் ஆட்சேபித்தேன்.

"வரைஞ்சது அவுகதானே சார். நான் ஏத்துனேன், அவ்வளவுதான்" என்றார் அவர்.

அந்தக் கடையின் வழக்கம் அது. யார் டிசைன் போட்டாரோ அவர் பெயரைத் தலையில் எழுதாமல் எந்தக் கோப்பும் அங்கே சேமிக்கப்படுவதில்லை. கரை வரைந்துகொண்டு வரும் நெசவாளி பெயராக இருந்தாலும் சரி, எழுதியாக வேண்டும். அந்த வழக்கத்தால் எங்கள் நிரலுக்கு உரிமையாளர்கள் சட்டப்படி மூன்று பேர் ஆனோம்.

நிரலைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டோம். யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை. மாற்றிக் கொடுத்தால், மாற்றியதையும் அதேபோல் திறந்தே கொடுக்க வேண்டும். வாங்கித் தின்றுவிட்டு வாசலைப் பூட்டக்கூடாது. உரிமத்தை மாற்றுவதென்றால் மூவரும் எழுதிச் சம்மதிக்க வேண்டும் என்று அந்தப் பெண் ஒரு வரி சேர்த்தார். அந்த வரி அநாவசியம் என்று நான் அப்போது சொன்னேன். அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

நிரல் புளியங்குடி, சிவகிரி வரை பரவியது. அதற்குப் பிறகுதான் கம்பெனி வந்தது. தறிக்கு மின்பெட்டி செய்து விற்கும் வெளியூர்க் கம்பெனி. புதுப் பெட்டி ஒன்று செய்கிறார்களாம். அதன் உள்ளேயே எங்கள் நிரலை வைத்துவிட ஆசையாம். உரிமம் மட்டும் இடைஞ்சலாக இருக்கிறதாம்.

முதல் கடிதத்தில் எங்கள் உரிமம் பழையது என்றார்கள். ஆறு வருடத்து உரிமம் பழையதென்றால் எழுபத்தொரு வயதான என்னை என்னவென்று சொல்வார்கள் என்று தெரியவில்லை. இரண்டாவது கடிதத்தில், வணிகத்துக்கு நட்பான வேறோர் உரிமத்துக்கு மாறினால் எங்கள் நிரல் உலகம் முழுவதும் போகும் என்றார்கள். உலகம் முழுவதும் போவதை எங்கள் உரிமம் எங்கே தடுத்தது என்று அந்தப் பெண் கேட்டு எழுதினார். அதற்குப் பதில் இல்லை. மூன்றாவது கடிதம் மிகவும் நீளம். 'சமூகம்' என்ற சொல் மட்டும் அதில் பத்தொன்பது இடத்தில் வந்தது. எங்களைச் சமூகம் என்றார்கள், தங்களைச் சமூகம் என்றார்கள், கடைசியில் அவர்கள் வக்கீலும் சமூகமாகிவிட்டார். கூடவே ஒரு வரி: இந்த வகை உரிமம் தொற்றுநோய் போன்றது, தொட்ட மென்பொருளையெல்லாம் திறக்கச் சொல்கிறது, அதனால் பெரிய நிறுவனங்கள் அஞ்சுகின்றன.

இதை பிட்டரிடம் படித்துக் காட்டினோம். "ஒட்டுவாரொட்டியா? நோய்னு தெரிஞ்சவன் எதுக்கு வே வந்து கட்டிப்பிடிக்கான்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வேலைக்குப் போனார். வக்கீல்களின் நாலு பக்கத்துக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தோன்றவில்லை.

மூன்று கடிதத்துக்கும் 'இயலாது' என்று பதில் எழுதியவர் அந்தப் பெண்தான். காரணத்தையும் தெளிவாக எழுதினார். உரிமம் மாறினாலும் எங்களுடையது எங்களிடமே இருக்கும் என்று நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் தறியின் தலையில் உட்காரப்போவது நீங்கள் பூட்டியது. ஊரில் உள்ள தறிகளில் எல்லாம் உங்கள் பெட்டி ஏறிவிட்டால், அதில் எங்கள் கோப்பு ஓடாது. எங்களுடையது எங்களிடமே இருந்து துருப்பிடிக்கும். இதுதான் அவர் எழுதியதன் சாரம். அவர் கடை பிழைப்பதும் நிற்பதும் இதில்தான் இருந்தது.

ஒன்றரை மாதம் சத்தமில்லை. பிறகு பாராட்டு விழா அழைப்பிதழ் வந்தது. 'மண்ணின் மேதைகளுக்கு மரியாதை' என்று போட்டிருந்தது. அந்தப் பெண் வேண்டாம் என்றார். போகாவிட்டால் மரியாதையாக இருக்காது என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனது நான்.

மேடையில் கம்பெனியின் மண்டல மேலாளர் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பேச்சில் வாக்கியத்துக்கு இரண்டு 'சார்' வைத்திருந்தார். முதலில் என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்து அந்தப் பெண்ணை அழைத்து, அவர்கள் அலுவலகத்துப் பெண் ஒருத்தி போர்த்தினாள். மூன்றாவது பிட்டர். மேலாளர் விரித்த பொன்னாடை தோளில் விழுவதற்கு முன்பே அதன் நுனியைப் பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார்.

"இந்தத் துணி எங்க நெய்ஞ்சது?"

மைக் பக்கத்திலேயே இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"தெரியல சார். பர்ச்சேஸ்ல வாங்கினது சார்."

"சூரத்துப் பாலியெஸ்டர். ஏன்யா, இந்த ஊருக்கு வந்து எனக்கு இதப் போத்துதியே, வெளிய நின்னு காதக் குடுத்தா தறிச் சத்தம் கேக்கலையா? பருத்தித் துண்டு ஒண்ணு கேட்டா அடுத்த தெருவுலேயே குடுப்பாவளே."

முன்வரிசையில் இருந்த தறி முதலாளிகள் சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார், வேறு வழியில்லாமல்.

"இதப் போத்திட்டு நாளைக்கு எந்தத் தறிக்கூடத்துக்குள்ள நான் நுழைய? மடிச்சு வையும்" என்று சொல்லிவிட்டு பிட்டர் பக்கத்துப் படியில் இறங்கி நேராகப் பந்திக்குப் போனார். எனக்கு அவமானமாக இருந்தது. சபை தெரியாத ஆள் என்று மனதுக்குள் திட்டினேன்.

பொன்னாடை வாங்கியவர்கள் இறங்கும் வழியில் ஒரு மேசை. அதன் மேல் எவர்சில்வர் சம்புடங்கள், ஒரு பதிவேடு, பேனாவைத் திறந்து நீட்டும் ஒரு பெண். எங்கள் ஊரில் எந்த விழாவிலும் பரிசுப் பொருள் வாங்கினால் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். குத்துவிளக்குக்கும் போட்டிருக்கிறேன், சுவர்க் கடிகாரத்துக்கும் போட்டிருக்கிறேன். யாரும் அதை வாசிப்பதில்லை. பின்னால் ஆள் நிற்கும், சாப்பாட்டு மணம் வரும், போட்டுவிட்டு நகர்வோம். பதிவேட்டில் கிளிப் போட்ட தாள்கள் நான்கு இருந்தன. நான் எண்ணினேன். ஒரு சம்புடத்துக்கு நான்கு தாளா, என்ன ஊதாரித்தனம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கீழே அந்தப் பெண் போட்டார்.

மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. உரிம மாற்றத்துக்கு இரண்டு உரிமையாளர்களின் எழுத்துப்பூர்வச் சம்மதம் கிடைத்தது, நன்றி, மூன்றாமவரின் சம்மதம் விரைவில் பெறப்படும். கூடவே எங்கள் கையெழுத்தின் படம். நான் கடைக்குப் போனபோது அந்தப் பெண் அதைத் திரையில் பெரிதாக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க வாசிக்கலையா?"

"சம்புடத்துக்குன்னு நினைச்சேன்."

"நாலு பக்கம் சம்புடத்துக்கா சார்?"

"நீ ஏம்மா வாசிக்கல?"

"மேல உங்க கையெழுத்துல்லா இருந்துச்சு! பால் பாக்கெட்டுல போட்டிருக்கறதக்கூட நீங்க முழுசா வாசிச்சுட்டுத்தான் காய்ச்ச விடுவீய. நீங்க போட்டாச்சுன்னா வாசிச்சாச்சுன்னுதானே அர்த்தம்? யா அல்லா, நான் உங்களப் பாத்துல்லா போட்டேன்."

கையில் தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. அதில் இருந்ததை முழுவதும் குடித்தேன்.

சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று அன்றே எழுதினோம். பக்கம் மூன்று, பத்தி ஆறின்படி சம்மதம் திரும்பப் பெற இயலாதது என்று பதில் வந்தது. மூன்று கடிதத்துக்கு ஒன்றரை மாதம் ஊமையாக இருந்தவர்கள், இதற்கு நாற்பது நிமிடத்தில் பதில் எழுதினார்கள். கடிதத்தால் முடியாததைச் சம்புடத்தால் முடித்துக்கொண்ட கூட்டம் அது. இப்போது எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் மிச்சம் இருந்தது பிட்டர் ஒருவர்தான். அவரும் பொன்னாடையின் நூல் பிடிக்காததால்தான் மிச்சம்.

அவரை டீக்கடையில் பிடித்தேன். விஷயத்தை முழுவதும் கேட்டுவிட்டு, டீயை ஆற்றிக்கொண்டே, "சம்புடம் எத்தன லிட்டர் பிடிக்கும் அண்ணாச்சி?" என்றார்.

"கேலி பண்ணாதீரும் வே. நீர் கையெழுத்துப் போடக்கூடாது. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"ரெண்டு பேரும் முந்திக்கிட்டுப் போட்டுட்டு, என்னப் போடாதங்கியளாக்கும்."

"எங்க கையெழுத்து ஏமாத்தி வாங்குனது."

"சரி. என்கிட்ட ஏமாத்தாம நேராத்தான் கேக்காவ. அந்த மேலாளரு வீட்டுக்கே வந்துட்டான். தொழில்நுட்ப ஆலோசகர்னு எனக்கு ஒரு கழுத்துப் பட்டை தாரானாம்." டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் மீதியைச் சொன்னார். "அது கெடக்கட்டும். ஒன்பது முதலாளிட்டயும் புதுப் பெட்டி பாதி விலைக்குத் தாரேன்னு சொல்லியிருக்கான். நான் கையெழுத்துப் போட்டாத்தானாம். காலையிலேயே ரெண்டு பேரு போன் போட்டு, எப்ப வே போடுதீருன்னு கேட்டாச்சு. உங்களுக்கு மவன் துட்டு அனுப்புதான் அண்ணாச்சி. எனக்கு இந்த ஒன்பது தறிக்கூடந்தான் சோறு."

நான் மூலநிரல், உரிமம், சுதந்திரம் என்று பதினைந்து நிமிடம் பேசினேன். அவர் தலையை ஆட்டினார். சங்கீதம் தெரியாதவர் கச்சேரியில் ஆட்டுவது மாதிரி ஆட்டினார். "செவ்வாக்கிழமை கரிவலம் ரோட்டுத் தறிக்கூடத்துல பெட்டிய மாட்டிக் காட்டுதானாம். பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று எழுந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, கரிவலம்வந்தநல்லூர் போகும் சாலையில் இருந்த அந்தத் தறிக்கூடத்துக்கு நானும் அந்தப் பெண்ணும் அழைக்காமலே போய் நின்றோம். இருபத்து நான்கு தறிகள். ஒன்றின் தலையில் புதுப் பெட்டி, ஒரு கைக்குட்டை அகலத்துக்குத் தொடுதிரையோடு. அந்தத் தறியை மட்டும் பேச்சுக்காக நிறுத்தியிருந்தார்கள். மற்ற இருபத்து மூன்றும் அடித்த அடியில் மேலாளர் கத்திப் பேச வேண்டியிருந்தது. பிட்டருக்கு மட்டும் அந்தச் சத்தத்தில் சாதாரணமாகப் பேசினாலே கேட்கும்.

"இது நடுவுல நின்னுட்டா யாரு தெறப்பா?"

"நிக்காது சார். நின்னா ஆப்ல டிக்கெட் போடணும் சார். எங்க இன்ஜினீயர் வருவார்."

"எப்ப வருவாரு?"

"நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள சார்."

"அதுவரைக்கும் தறி டிக்கெட்ட வச்சுட்டு உக்காந்திருக்குமா?" என்றார் பிட்டர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், தறிக்கூட முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குப் பாதி விலைதான் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

பிறகு மேலாளர் பெட்டியின் பெருமைகளைத் திரையில் ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினார். அடிப்பக்க இழைகளைப் பிணைக்கும் அமைப்புகள், தங்கள் ஆராய்ச்சிப் பிரிவு உருவாக்கியது என்றார். ஒன்று, இரண்டு, மூன்று என்று படங்கள் போயின. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். பதினான்கு. அந்தப் பெண் என் முழங்கையைப் பிடித்தார். பிட்டர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"பின்னால போ. அதுக்கு முந்துனது. அதுல நிப்பாட்டு."

பதிமூன்றாவது படம். திரைக்குப் பக்கத்தில் போய், ஒன்பதாவது வரிசையில் ஒரு கட்டத்தைச் சுட்டுவிரலால் தொட்டார்.

"இந்தக் கட்டத்தச் செவப்பாக்குனது யாரு?"

"புரியல சார்."

"இது வெள்ளையா இருக்கணும். இது தப்பு. இந்தத் தப்ப உங்க கம்பெனில யாரு செஞ்சது? பேரச் சொல்லு."

மேலாளர் திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"நான் செஞ்ச தப்பு வே அது" என்றார் பிட்டர். "வரைஞ்சுட்டு இருக்கும்போது எவனோ கூப்பிட்டான், திரும்பிப் பாத்துட்டுக் கைதவறிக் கட்டத்த அடைச்சுட்டேன். சேலைக்கு அடியில ஒரு பொட்டு தெரியும், அவ்வளவுதான்னு விட்டுட்டோம். இவுக கடையில இப்பவும் அப்படியேதான் கெடக்கு. உங்க ஆராய்ச்சிக்காரனுக்கும் அதே நேரத்துலதான் எவனும் கூப்பிட்டானா?"

கையெழுத்து வாங்குவதற்கு முன்பே நிரலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கையெழுத்து எதற்கென்றால், ஏற்கெனவே திருடியதைச் சம்மதத்தோடு எடுத்ததாகக் காட்ட. திருடுகிறவனுக்குத் திருடும் பொருளைப் பார்க்கும் பொறுமைகூட இல்லை. பதினான்கு படத்தையும் ஒரு முறை கண்ணால் பார்த்திருந்தால் அந்தப் பொட்டு யாருக்கும் தெரிந்திருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது. பிட்டருக்கு வந்ததாகத் தெரியவில்லை. அவர் அந்தக் கட்டத்தை விரலால் இரண்டு தரம் தட்டினார். வெள்ளையாகவில்லை. திரையின் ஓரத்தில் ஒரு பூட்டுப் படம் வந்து போனது.

"இத மாத்து."

"அது மாத்த முடியாது சார். ஹெட் ஆபீஸ்ல ரிக்வெஸ்ட் குடுத்து, அடுத்த வெர்ஷன்ல..."

"நான் வரைஞ்சத நான் மாத்த முடியாதா?"

"நீங்கன்னு இல்ல சார், யாருமே முடியாது சார். அது செக்யூரிட்டிக்காக சார்."

முதலாளி பொறுமை இழந்துவிட்டார். "பிட்டரே, ஒத்தப் பொட்டுக்கு எதுக்கு வே இவ்வளவு நேரம்? கையெழுத்தப் போட்டுட்டு வேலையப் பாரும். மத்த எட்டுப் பேரும் போன் போட்டுட்டு இருக்காவ."

பிட்டர் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். அவர் போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். டீக்கடையில் நான் பேசிய பதினைந்து நிமிடத்தில் ஒரு சொல்லும் அவருக்குள் போயிருக்காது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

"மொதலாளி, இருபது வருசமா உங்க தறியில கை வைக்கேன். எத்தன தடவ தப்பாக் கட்டியிருக்கேன்? மறுநாளே அவுத்துக் கட்டிக் குடுத்திருக்கேன்லா? அதனாலதான என்ன வச்சிருக்கீய. இந்தப் பெட்டிக்குள்ள என் தப்பு இருக்கு, என்னால அத அவுக்க முடியல. நாளைக்கு இது உங்க இருபத்து நாலு தறியிலயும் ஏறும். சேலக்காரன் பொட்டக் காட்டிக் கேட்டா நான் யாரு மூஞ்சில முழிக்க? போடமாட்டேன்."

"அப்ப பாதி விலை?"

"அத அவன்ட்டதான் கேக்கணும். பாதிப் பெட்டியத் தெறந்து தாரானான்னு கேளுங்க."

கட்டற்ற மென்பொருளைப் பற்றி நான் எத்தனையோ கட்டுரை வாசித்திருக்கிறேன். உலகத்தில் எங்கெங்கோ நிரலாளர்கள் கம்பெனிகளோடு எதற்கு இப்படி மல்லுக்கட்டுகிறார்கள் என்பதற்குத் தத்துவமாகப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். நானும் அவற்றை அடிக்கோடு போட்டுப் படித்தவன்தான். அடிக்கோடு போட்ட நான் சம்புடத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பெண் அப்போதுதான் வாயைத் திறந்தார். மேலாளரின் காதுக்குப் பக்கத்தில் போய்ப் பேசினார். அவருக்கும், ஒட்டி நின்ற எனக்கும் மட்டும் கேட்கும்படி. "உரிமம் இன்னைக்கு வரைக்கும் பழையதுதான். அந்தப் பெட்டி இந்த ஊருக்குள்ள வந்துட்டு. அப்ப அதுக்குள்ள இருக்கிற மூலநிரல் முழுசும் எங்களுக்கு வரணும், இல்லன்னா எங்களோடத அதுலருந்து எடுத்துரணும். எது வசதின்னு உங்க வக்கீல்ட்ட கேட்டுச் சொல்லுங்க." மேலாளர் லீகல் டீமிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் 'சார்' கிடையாது.

பன்னிரண்டாம் நாள் ஆள் வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனான். வியாபார வியூகம் மாறியிருப்பதால் இந்தப் பகுதியில் சோதனை நிறுத்தப்படுகிறது என்று ஒரு கடிதம் வந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. சமூகம் இரண்டு இடத்தில் இருந்தது. பிட்டரின் பங்கை நீக்கிவிட்டு வேறு எழுதிக்கொள்வார்கள் என்று கேள்விப்படுகிறேன். எழுதட்டும். வளையல் மாட்டாத சேலை எப்படி இருக்கும் என்று அவர்களுக்கும் ஒருவர் சிவப்புப் பென்சிலோடு வந்து சொல்ல வேண்டும். அவர் பெயரைத் தலையில் எழுதும் பழக்கம் அந்தக் கட்டடத்தில் இருக்காது.

பாதி விலை போய்விட்டது. ஒன்பது முதலாளிகளில் இரண்டு பேர் பிட்டரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அதில் கரிவலம் ரோட்டுக்காரரும் ஒருவர். இருபது வருடம் தன் தறிகளைத் தொட்ட கையை ஒரு பெட்டிக்காக வேண்டாம் என்றவரைப் பற்றி எழுத எனக்கு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. அவர் வீட்டு வழியாகப் போவதை விட்டுவிட்டேன். எனக்குத்தான் நூற்றெண்பது அடி கூடுதல் நடை. என் கையெழுத்தும் அந்தப் பெண்ணின் கையெழுத்தும் இன்னும் அந்தக் கம்பெனியில்தான் இருக்கின்றன. அதைத் திருப்பித் தரச் சொல்லி இதுவரை ஒன்பது கடிதம் எழுதியிருக்கிறேன். மூன்றாவது கையெழுத்து இல்லாமல் அவை செல்லாது என்று அந்தப் பெண் சொல்கிறார். செல்லாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அங்கே கிடக்கின்றனவே.

போன வாரம் டிசைன் கடையில் பிட்டரைப் பார்த்தபோது, என்னால்தானே இரண்டு தறிக்கூடம் போயிற்று, விழாவுக்கு இழுத்துக்கொண்டு போனதே நான்தானே என்று ஆரம்பித்தேன். இது எத்தனையாவது தரம் என்று அந்தப் பெண் கேட்டார். ஆறாவது.

பிட்டர் கட்டத்தாளிலிருந்து நிமிரவில்லை. "அண்ணாச்சி, ரெண்டு போச்சு. அந்தப் பெட்டி ஏறியிருந்தா, எது நின்னாலும் டிக்கெட்டு, எவனோ ஒரு இன்ஜினீயரு. அப்புறம் இந்த ஊருல பிட்டரு எதுக்கு? ஒன்பதும்லா போயிருக்கும். எல்லாத்தையும் எண்ணுதீய, இத எண்ணலையா?"

எண்ணவில்லை. அவர் அதை டீக்கடையிலேயே எண்ணி வைத்திருந்தாரா, தறிக்கூடத்தில் அந்தப் பூட்டுப் படத்தைப் பார்த்த பிறகு எண்ணினாரா என்று கேட்டேன். பென்சிலைச் சீவித் தரச் சொன்னார்.